வாங்கும் கை ஓயும் வீடு: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு தொடக்க வழிகாட்டி

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பும் ஒரு மணல் மேடும்தான் இருக்கின்றன. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஊர். சென்னையில் பத்து வருடம் இருந்துவிட்டு இங்கே திரும்பியபோது, இனி செலவு தானாகவே குறைந்துவிடும் என்று நம்பினேன். குறையவில்லை. கூரியர் கொண்டு வரும் தம்பிக்கு எங்கள் வீட்டு வழி மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு நாள் அலமாரியை ஒதுங்கவைக்கும்போது, அந்த வருடம் வாங்கியதையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பிப் பார்த்தேன். வாசனை எண்ணெய் ஊற்றும் மின்குடுவை, அலையோசை போடும் சின்ன ஸ்பீக்கர், புசுபுசுவென்று போர்வை இரண்டு, சுவரில் மாட்டும் சரவிளக்கு, பிளாஸ்டிக் செடி, பாதி தின்று கட்டிவைத்த மொறுமொறுப் பொட்டலங்கள்.

பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. இவற்றில் ஒன்றுகூட வேலைக்குத் தேவைப்பட்ட சாமான் இல்லை. மூக்குக்கு, காதுக்கு, தோலுக்கு, கண்ணுக்கு, நாக்குக்கு என்று வாங்கியவை. வீடு எனக்குத் தராததைக் கடையில் தேடியிருக்கிறேன். அன்றைக்கு மனது கனத்துப் போனது உண்மை. ஆனால் வழியும் அங்கேயேதான் தெரிந்தது. செலவைக் கட்டுப்படுத்தக் கணக்கு நோட்டுப் போடுவதற்கு முன்னால், வீட்டைச் சரிசெய்ய வேண்டும். ஐந்து புலன்களுக்கும் வீட்டிலேயே வயிறு நிறைந்தால், போனை எடுக்கும் கை தானாகக் கொஞ்சம் ஓயும்.

இரண்டு வருடமாகச் செய்து பார்த்ததில் எது பலித்தது, எதை எந்த வரிசையில் தொடங்கலாம் என்று இங்கே சொல்கிறேன். இந்தக் கடற்கரையில் இருப்பவர்களை, புதிதாக மாற்றலாகி வந்தவர்களையும் சேர்த்து, மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்க் காற்றுக்கும் மரத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம்

நம் புலன்கள் மாற்றத்தைத்தான் கவனிக்கும். மாறாமல் இருப்பதை விட்டுவிடும். ஊதுவத்தி ஏற்றிய அறையில் சில நிமிடம் உட்கார்ந்தால் அந்த வாசனை நமக்குத் தெரியாமல் போகிறது. வெளியே போய்விட்டு வந்தால் மறுபடி தெரிகிறது. புதிதாக வாங்கிய பொருளும் இப்படித்தான். முதல் வாரம் கண்ணில் படும், அடுத்த மாதம் சுவரோடு சுவராகிவிடும். அந்த இடம் மறுபடி காலியானதுபோல் தோன்றும். அப்புறம் இன்னொன்று வாங்குவோம்.

அதனால் வீட்டுக்குள் எதைச் சேர்க்கலாம் என்று தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அது தானாக மாறுகிறதா? ஜன்னல் வெளிச்சம் மணிக்கு மணி மாறும். காற்று மாதத்துக்கு மாதம் திசை திரும்பும். மல்லிகை காலையில் மொட்டு, ராத்திரியில் மணம். பனையோலைப் பாய் புதிதில் ஒரு நிறம், ஆறு மாதத்தில் வேறு நிறம். இவற்றுக்குப் பழகிப்போவது கஷ்டம். பிளாஸ்டிக் செடி வந்த அன்றைக்கும் அதேதான், இன்றைக்கும் அதேதான்.

ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஒரு மரம் மனிதனை எந்த அளவுக்குத் தொடும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் எடுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேரையும், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். 1984-இல் அது வெளியானது. வாங்குவதைப் பற்றிய ஆய்வு இல்லை அது. ஆனால் கண் முன்னால் இருப்பது உடம்பின் தேவையையே மாற்றும் என்றால், கைக்கு வரும் நமைச்சலையும் மாற்றும் என்று நான் நம்புகிறேன். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள், குறித்து மட்டும் வையுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். எதையாவது வாங்க வேண்டும் என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் எழுதுங்கள். மணி என்ன, எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், அந்த நேரம் காதில் என்ன கேட்டது. வாங்கினீர்களா இல்லையா என்பது இந்த வாரம் முக்கியமில்லை. உங்களை நீங்களே திட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

என் நோட்டில் பெரும்பாலும் மதியம் இரண்டரைக்கு மேல்தான். உட்கார்ந்த இடம் நடு அறை, பிளாஸ்டிக் நாற்காலி. காதில் மின்விசிறியும் டிவியும். புழுதி வருகிறது என்று கடல் பக்கத்து ஜன்னல் இரண்டையும் மூடி வைத்திருந்தேன். டியூப்லைட் பகலிலும் எரிந்தது. ஏழு நாள் எழுதிய பிறகு அந்த அறையை வேறு கண்ணோடு பார்த்தேன். அங்கே தொடுவதற்கு ஒன்றும் இல்லை, முகர்வதற்கு ஒன்றும் இல்லை. கையில் இருந்த போன் ஒன்றுதான் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கொண்டிருந்தது.

உங்கள் நோட்டு வேறு மாதிரி சொல்லலாம். சிலருக்குப் பிள்ளைகள் தூங்கிய பிறகு ராத்திரி பத்து மணி. சிலருக்குச் சம்பள நாள். எந்த நேரம், எந்த மூலை என்று தெரிந்துவிட்டால், வேலையை அந்த மூலையிலிருந்தே தொடங்கலாம். வீடு முழுவதையும் ஒரே நாளில் மாற்றப் புறப்பட்டால் அதுவே பெரிய செலவாகிவிடும்.

காற்றை உள்ளே விடுங்கள்

காசே ஆகாத வேலை இது, பலனோ எல்லாவற்றையும்விட அதிகம். நம் கரையில் பகல் ஏற ஏறக் கடலிலிருந்து காற்று வரும், ராத்திரி தரையிலிருந்து கடலுக்குப் போகும். இது அன்றாடக் கணக்கு. வருடக் கணக்கு வேறு. வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று திரும்பிவிடும். புதிதாக வந்தவர்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் மீன்பிடிக் குடும்பத்திடம் கேளுங்கள். எந்த மாதம் எந்த ஜன்னல் திறக்க வேண்டும் என்று அவர்கள் விரல் நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

எதிரெதிராக இரண்டு திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும். ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் காற்றே வரவில்லை என்பவர்கள், எதிர்ப்பக்கக் கதவுக்கு முன்னால் பீரோ நிற்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் நின்றது. அதைச் சுவர் ஓரமாக நகர்த்த இரண்டு பேரும் அரை மணி நேரமும் ஆனது. அன்று மதியம் அந்த அறையில் நாட்காட்டித் தாள் படபடத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் அந்தச் சத்தம் வீட்டில் இல்லை.

கச்சான் காலத்துப் புழுதிக்குப் பழைய பருத்திப் புடவையை நனைத்துப் பிழிந்து ஜன்னலில் கட்டுங்கள். மணல் நிற்கும், காற்றும் குளிர்ந்து வரும். மாலையில் அவிழ்த்து அலசிவிடுங்கள், இல்லையென்றால் உப்புப் பிடித்து விறைத்துப்போகும்.

உப்பைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் வாங்கும் பொருளின் ஆயுள் குறைவு. இரும்பு ரேக் இரண்டு மழைக்காலம் தாங்காது. அமுக்கிய மரத்தூள் பலகையில் செய்த அலமாரி ஓரம் ஊதிவிடும். என் ஸ்பீக்கரின் முனைகளில் பச்சை பூத்து எட்டு மாதத்தில் வாய் மூடிக்கொண்டது. வீட்டை அலங்கரிக்க எதையாவது வாங்கத் தோன்றினால், உப்புக்காற்றில் இது இரண்டு வருடம் நிற்குமா என்று முதலில் கேளுங்கள். பனை நார், ஓலை, மண், பருத்தி, வேம்பு, பூவரசு இவை நிற்கும். கெட்டாலும் குப்பையாகாமல் மண்ணோடு போகும்.

கைக்கு ஒரு வேலை: பனையோலை

இந்தப் பகுதியில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். என்னை மாற்றியது மற்ற எல்லாவற்றையும்விட இதுதான்.

பனை இல்லாத ராமநாதபுரத்தை நினைத்துப் பார்க்க முடியாது. சாயல்குடியிலிருந்து ராமேஸ்வரம் தீவு வரைக்கும் மணலில் வேறெதுவும் வராத இடத்தில்கூடப் பனை நிற்கும். ஓலை முடையத் தெரிந்த பெண்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு லாத்தா இருக்கிறார். இஸ்லாமியக் குடும்பங்களில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். அறுபது வயதுக்கு மேல். மதியம் திண்ணையில் உட்கார்ந்து கொட்டான், அதாவது சின்ன ஓலைப் பெட்டி, முடைவார். "எனக்கும் சொல்லித் தாங்க லாத்தா" என்று போய் உட்கார்ந்தேன்.

முதலில் ஓலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரியாத குருத்தோலைதான் முடைவதற்கு ஏற்றது. வெயிலில் சில நாள் காயவைத்தால் வெளிர் மஞ்சளாகும். ஒவ்வொரு ஓலைக் கீற்றின் நடுவிலும் இருக்கும் ஈர்க்கைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், சேர்த்தால் துடைப்பம். பிறகு ஓலையை ஒரே அகலத்தில் வார வேண்டும், அதாவது நீளவாக்கில் கிழிக்க வேண்டும். பழகாத கைக்கு இதுதான் சிரமம். லாத்தா பெருவிரல் நகத்தால் தொடங்கி ஒரே இழுப்பில் கடைசி வரை கொண்டு போவார். எனக்குப் பாதியில் கோணிக்கொண்டு போகும்.

"புள்ள, ஓலையைப் பிடிச்சு இழுக்காத. அது போற பக்கம் கையைக் கொண்டு போ" என்றார்.

வாரிய ஓலையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காய்ந்த ஓலை மடிக்கும்போது விரிசல் விடும், ஊறிப்போன ஓலை வழுக்கும். கையில் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் விரலுக்குத்தான் தெரியும், எழுத்தில் சொல்வது கடினம்.

தொடக்கத்துக்குக் கொட்டான் வேண்டாம். எட்டு ஓலை போதும். நாலு ஓலையைத் தரையில் பக்கம் பக்கமாக வையுங்கள். ஐந்தாவது ஓலையைக் குறுக்கே, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று நுழையுங்கள். ஆறாவதை அதற்கு நேர்மாறாக. எட்டும் முடிந்ததும் நான்கு பக்கமும் விரலால் தட்டி நெருக்குங்கள். நுனிகளை மடித்து, ஏற்கனவே பின்னிய ஓலைக்கு அடியில் செருகுங்கள். டம்ளர் வைக்க ஒரு சதுரம் வந்துவிடும். முதலாவது கோணலாக இருக்கும். ஐந்தாவது நேராகிவிடும். என் முதல் கொட்டானுக்கு மூன்று மாலை ஆனது. அதில்தான் இப்போது பூண்டு வைத்திருக்கிறேன்.

இது எப்படி வாங்குவதைக் குறைக்கும்? இரண்டு கையும் ஓலையில் இருக்கும்போது போனைத் தொட முடியாது, இது ஒன்று. விரல் நுனிக்கு வழவழப்பு, சொரசொரப்பு, ஈரம், விறைப்பு என்று நொடிக்கு நொடி வேறு வேறு செய்தி வந்துகொண்டே இருக்கும். ஓலையின் வாசனை, காய்ந்த புல்லும் பாலும் கலந்த மாதிரி, மெல்ல மேலே வரும். அரை மணி நேரம் கழித்து எழுந்தால் உடம்பு எதையும் கேட்பதில்லை. இன்னொரு மாற்றமும் வந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு கை உழைப்பு ஆகும் என்று தெரிந்த பிறகு, கடையில் எதைப் பார்த்தாலும் இதை யார், எவ்வளவு நேரம் செய்திருப்பார்கள் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அப்படி யோசிக்கும்போதே பாதி ஆசை அடங்கிவிடுகிறது. நிஜமாகவே வேண்டியதை வாங்கும்போது பேரம் பேசவும் மனம் வரவில்லை.

ஓலை வராதவர்கள் வருத்தப்பட வேண்டாம். பூக் கட்டுவது, கிழிந்ததைத் தைப்பது, வலை பின்னுவது, அம்மியில் அரைப்பது, எதுவும் சரிதான். இரண்டு கையும் வேண்டும், தொடுவதற்கு விதவிதமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

காலுக்கும் முதுகுக்கும்

நடு அறையில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு ஓலைப் பாயோ கோரைப் பாயோ போடுங்கள். நோட்டில் குறித்த நேரத்தில் அதில் உட்காருங்கள். தரையில் உட்கார முடியாத பெரியவர்கள் காலடியில் பாய்த் துண்டு ஒன்றைப் போட்டு, செருப்பில்லாமல் பாதத்தை அதன்மேல் வைக்கலாம். காலையில் பத்து நிமிஷம் வெறுங்காலோடு மணலில் நடந்துவிட்டு வாருங்கள்.

மூக்குக்கு: குறைவாக, விட்டு விட்டு

வாசனையில் எல்லோரும் செய்யும் தவறு, எப்போதும் மணக்க வேண்டும் என்று நினைப்பது. மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்று மேலே சொன்னேன். பழகியதும் இன்னும் கூட்டுவோம், பிறகு இன்னும் காட்டமானதை வாங்குவோம். மின்குடுவைக்கு எண்ணெய் வாங்கியே நான் அலுத்துப்போனேன். வாசனை வந்து போக வேண்டும்.

நான் வைத்திருப்பது மூன்று. மண்பானையில் ஒரு கைப்பிடி வெட்டிவேர். வாசலில் ஒரு மல்லிகைச் செடி. வெள்ளிக்கிழமை மாலை கொஞ்சம் சாம்பிராணி, அதுவும் மூச்சிளைப்பு இருப்பவர்கள் வீட்டில் வேண்டாம்.

மல்லிகைக்கு நாம் எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை. ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்து மணலில் வேர்பிடிக்க வைத்த மல்லிகை நாற்றுதான் தமிழ்நாட்டில் பல ஊர்த் தோட்டங்களுக்குப் போகிறது. நம் வாசல் மணலுக்கு அது பழகிய செடி. ஆனால் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அரிசி களைந்த தண்ணீர் போதும், நேரடிக் கடற்காற்று அடிக்காத சுவர் மறைவாகப் பார்த்து வையுங்கள். காற்று முகத்தில் அடிக்கும் பக்கத்துக்கு நித்தியகல்யாணி, கற்றாழை. பக்கத்து வீட்டில் இருந்தால் ஓமவல்லிக் கொம்பு ஒன்று ஒடித்து வந்து நட்டுக்கொள்ளுங்கள். இலையைக் கசக்கினால் வரும் மணத்துக்கு ஈடாக ஒரு புட்டியும் நான் பார்த்ததில்லை.

மண்பானைக்கு ஒரு குறிப்பு. பானையிலிருந்து கசியும் நீர் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிரும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் உள்நாட்டு ஊர்களின் அளவுக்குக் குளிராது. மூலையில் வைக்காமல், ஜன்னல் காற்று ஓடும் வழியில் ஈர மணல் பரப்பி அதன்மேல் வையுங்கள். நம் தண்ணீரில் உப்பு இருப்பதால் பானையின் வெளிப்பக்கம் வெள்ளை பூத்துத் துளைகள் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். கண்டிப்பாக மூடி வையுங்கள். செடித் தட்டிலும் பறவைக்கு வைக்கும் கிண்ணத்திலும் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், கொசு பெருக விடக் கூடாது.

காதுக்கு

நோட்டில் குறித்த அந்த ஒரு மணி நேரம் டிவியை அணையுங்கள். ஐந்து நிமிஷம் சூனியமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கும். பனை மட்டை உரசும் சத்தம், கீரி ஓடும் சருகுச் சத்தம், பின்னேரம் வள்ளம் திரும்பும் என்ஜின்.

ராமேஸ்வரம் பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவை, அதாவது வடக்குப் பக்கத்தை, பெண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் வீசும்போது தெற்குக் கடல் இரையும், வடக்கு குளம் மாதிரி கிடக்கும். வாடை வந்ததும் அப்படியே மாறிவிடும். ஆடி மாதம் எங்கள் வீட்டில் ராத்திரி முழுவதும் கேட்கும் இரைச்சல், மார்கழியில் காதை வைத்துத் தேட வேண்டியதாகிவிடும். அதற்காக நான் ஒரு ஸ்பீக்கர் வாங்கியிருந்தேன் என்பது இப்போதும் எனக்கு வருத்தம்தான்.

கடலை அள்ளி வீட்டுக்குள் வைக்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி, கடல்குதிரை இவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986-லிருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா. சட்டம் தடுக்காத வெறும் சங்கு, சிப்பியைக்கூட கரையிலேயே விட்டுவிடுங்கள். காலிச் சங்குக்குள் வாழும் முனிவன் நண்டு அதில்தான் குடியேறும். தொட்டுப் பாருங்கள், காதில் வைத்துக் கேளுங்கள், போட்டுவிட்டு வாருங்கள். நாளைக்கும் அங்கே இருக்கும்.

நாக்குக்கு

தின்பண்டப் பொட்டலம் எங்கள் வீட்டில் பெரிய செலவு. ஒரே சுவையைத் தின்னத் தின்ன அந்தச் சுவைமேல் ஆசை குறையும், ஆனால் வேறு சுவைமேல் குறையாது. உணவுப் பழக்கத்தை ஆராய்ந்த பார்பரா ரோல்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் 1980-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். விருந்தில் வயிறு நிறைந்த பிறகும் பாயசத்துக்கு இடம் கிடைப்பது இதனால்தான். பொட்டலக் கம்பெனிகள் பத்து ருசி போட்டு விற்பதும் இதை வைத்துத்தான். அதனால் ருசியை அடக்காதீர்கள், சாப்பாட்டுக்குள்ளேயே எல்லா ருசியும் கிடைக்கும்படி செய்யுங்கள், சாப்பாட்டுக்கு வெளியே ஒன்று மட்டும் வையுங்கள்.

எங்கள் தட்டில் தினமும் ஒரு மொறுமொறுப்பு, ஒரு புளிப்பு, ஒரு காரம், கடைசியில் நெல்லிக்காய் அளவு கருப்பட்டி இருக்கும். காரத்துக்கு நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த மிளகாய், உருண்டையாக, தோல் தடித்திருக்கும். இரண்டை வெறும் சட்டியில் உருட்டி உருட்டி வறுத்தால் உள்ளே விதை கிலுகிலுக்கும், மணம் வாசல் வரை வரும். அதோடு உப்பு, புளி, சின்ன வெங்காயம் வைத்து அம்மியில் ஒரு துவையல். இந்தத் துவையல் இருக்கும் நாளில் நாலு மணிக்கு யாரும் பொட்டலம் தேடுவதில்லை.

சாப்பாட்டுக்கு வெளியே வைக்கும் அந்த ஒன்றைப் பருவத்தோடு மாற்றுங்கள். மாசி பங்குனியில் பதநீர் வரத் தொடங்கும். சித்திரை வைகாசியில் நுங்கு. தையில் பனங்கிழங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் கருவாடும் மாங்காயும். அடுத்தது எப்போது வரும் என்று காத்திருப்பதிலேயே ஒரு ருசி இருக்கிறது.

வெளிச்சம்

பொழுது சாயும்போது உடனே டியூப்லைட் போடாதீர்கள். இருபது நிமிஷம் வாசலில் உட்காருங்கள், இருட்டு வருவதைப் பாருங்கள். உள்ளே வந்ததும் தாழ்வாக ஒரு மஞ்சள் பல்ப் போதும். படிக்கும் பிள்ளைக்கு மட்டும் மேசையில் நல்ல வெளிச்சம் கொடுங்கள்.

இனி வாங்கும் ஆசைக்கு ஒரு முறை

இவ்வளவு செய்தாலும் ஆசை வரும். வரட்டும். சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். வேண்டும் என்று தோன்றியதை அதில் எழுதுங்கள். அமாவாசைக்குப் பிறகு எழுதியதைப் பௌர்ணமி அன்று பாருங்கள், பௌர்ணமிக்குப் பிறகு எழுதியதை அமாவாசை அன்று. கடலோரத்தில் அந்த இரண்டு நாளும் யாருக்கும் மறக்காது, தண்ணீர் ஏறி வருவதே சொல்லிவிடும். அன்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: இது எந்தப் புலனுக்கு? கைக்கா, காதுக்கா, மூக்குக்கா? வீட்டில் அதற்கு ஏதாவது இருக்கிறதா? பிள்ளைக்குக் காலணி, கிணற்று மோட்டாருக்கு வயர் என்று எந்தப் புலனிலும் சேராததை யோசிக்காமல் வாங்குங்கள், அது தேவை. எனக்குப் பதினைந்து நாளில் பாதிக்கு மேல் தானாக அடிபட்டுப் போகிறது. மீதியை நிம்மதியாக வாங்குகிறேன்.

சில எச்சரிக்கைகள்

இந்த வேலையையே ஷாப்பிங் ஆக்கிவிடாதீர்கள். "இயற்கை" என்று எழுதிய கூடை, பானை, விளக்கு என்று ஒரேயடியாகப் பத்துப் பொருள் வாங்கினால் பழையபடிதான். மாதத்துக்கு ஒரு மாற்றம் போதும். முதலில் வீட்டுப் பரணில் பாருங்கள், அப்பத்தா காலத்துப் பாயோ அரிவாள்மணையோ நிச்சயம் இருக்கும்.

புலன்களுக்கு நிறையக் கொடுப்பது என்றால் இரைச்சல் என்று அர்த்தமில்லை. சில பிள்ளைகளுக்குச் சத்தமும் வாசனையும் சொரசொரப்பும் தாங்காது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் அப்படி. அவர்கள் இருக்கும் வீட்டில் ஒன்றை மட்டும் கொண்டு வந்து, முகத்தைப் பார்த்து, பிடித்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான ஒரு மூலையும் அவர்களுக்கு வேண்டும்.

வாடகை வீட்டுக்காரர்கள் ஆணி அடிக்க முடியாது, செடி நட இடம் இருக்காது. பாய், பானை, ஜன்னல், ஒரு தொட்டி மல்லிகை, இந்த நாலும் எந்த வீட்டிலும் முடியும், வீடு மாறும்போது கூடவே வரும்.

வீட்டில் மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாதாடாதீர்கள். என் வீட்டுக்காரர் ஒரு மாதம் டிவியை விடவில்லை. திண்ணையில் பாய் விரித்து நான் மட்டும் உட்கார்ந்தேன். கச்சான் காற்று நன்றாக வீசிய ஒரு சாயங்காலம், டீ டம்ளரோடு அவராகவே வந்து உட்கார்ந்தார்.

பராமரிப்பு

ஓலைப் பாயைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். சுருட்டி நிறுத்தி வையுங்கள், மடிக்க வேண்டாம், மடித்த இடத்தில் முறியும். கொட்டானில் பூச்சி வராமல் காய்ந்த வேப்பிலை போடலாம். நம் பக்கம் பெரும்பாலான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஐப்பசி பிறப்பதற்குள் பாய், கொட்டான் எல்லாவற்றையும் ஒரு நாள் முழுக்க நல்ல வெயிலில் போட்டு எடுத்து, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கொடி கட்டி ஏற்றிவிடுங்கள். வாடைக்காற்று பிடித்துவிட்டால் அப்புறம் மார்கழி வரைக்கும் ஓலை காயாது.